ஒன்பது ஒற்றை ஷூக்கள்

ஜாஸ்மினுக்குப் பயம் வந்தால் வலது மணிக்கட்டு குத்தும். அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அது குத்தியது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் அவள் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். அப்பரைத் தைத்து முடித்ததும் லேஸுக்கு அடியில் வரும் நாக்குப் பட்டையைத் தூக்கி, அடியில் இருக்கும் உள்துணியில் சில்வர் பேனாவால் தன் டோக்கன் நம்பரை எழுத வேண்டும். தையலில் குறை இருந்தால் பீஸ் அந்த நம்பரைத் தேடித் திரும்பி வரும். அவள் நம்பர் 417. ஒரு நாளைக்கு இருநூறு தடவைக்குக் குறையாமல் எழுதுகிறாள். எழுதும்போது கண் அடுத்த பீஸில் இருக்கும். கை தானாக எழுதிக்கொள்ளும்.

அன்று எழுதி முடித்த கை அப்படியே நின்றது. வேலூரில் தொங்குகிற ஒன்பது ஷூக்களிலும் இந்த நம்பரை எழுதிவிட்டோமோ என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

எழுதியதாக ஞாபகம் இல்லை. எழுதவில்லை என்றும் ஞாபகம் இல்லை. கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். ஒன்பதையும் அவள்தான் தைத்தாள், அவளுடைய பேனாவும் அங்கே இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து பீஸ் வந்து குவிந்தது. பக்கத்து மேஜையில் செக்கிங் பார்க்கும் சகீனா, இன்னாடி உட்கார்ந்துகொண்டே தூங்குகிறாய் என்று கேட்டாள். ஜாஸ்மின் மறுபடி மெஷினை மிதித்தாள். அடுத்த நான்கு பீஸிலும் தையல் கோணியது.

வேலூர் விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் மணிக்கட்டு வலிக்கு அவள் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிசியோதெரபி பார்த்தவர் அன்பரசன், முப்பத்தைந்து வயது. மூன்றாவது தடவை போனபோது அவர் கையை விட்டுவிட்டுத் தோளைப் பார்த்தார். "கைல மட்டும் இல்லம்மா. ரெண்டு தோளும் காதுகிட்ட ஏறி நிக்குது. யாருக்குப் பயந்து இப்படித் தூக்கி வெச்சிருக்கே?" என்று கேட்டார். அடுத்த தடவை போனபோதுதான் அவள் பதில் சொன்னாள். தேவிகா என்ற பெயரை அதுவரை அவள் இன்னொரு ஆளிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

தேவிகா எதிர்வீட்டுப் பெண், அதே லைனில் பக்கத்து மெஷின். நான்கு வருடம் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் போய் வந்தார்கள். பிறகு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையில் இருந்த ஒருவருக்குத் தேவிகாவைக் கட்டிக்கொடுத்தார்கள். அதோடு அது முடிந்தது.

அன்பரசன் பரிதாபப்படவில்லை. தானும் அப்படித்தான், ஆண்களை விரும்புகிறவன் என்று சாதாரணமாகச் சொன்னார். மாதம் இரண்டு ஞாயிறு, வேலூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், நம்மைப் போன்ற குயர் பிள்ளைகள் சிலர் கூடுகிறோம், பிடித்தால் வா, பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம் என்றார். டிசைன் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சர்ச்சில் காலை ஆராதனை முடிந்ததும் ஜாஸ்மின் பஸ் ஏறினாள்.

ஜெபமோ புத்திமதியோ இருக்கும் என்று நினைத்துத்தான் போனாள். அங்கே அவளைச் சார்ட் தாளில் படுக்கச் சொன்னார்கள். ஒருவர் படுக்க, இன்னொருவர் அவர் உடம்பைச் சுற்றிக் கோடு போட வேண்டும். பிறகு பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே நிறம் பூச வேண்டும். பலர் தொண்டையில் பூசினார்கள். ஜாஸ்மின் வலது கை முழுவதும் பூசினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விளக்கம் கேட்கக்கூடாது, அறிவுரை சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. இன்னொரு ஞாயிறு, வீட்டார் எப்படி நடக்கச் சொல்கிறார்களோ அப்படி ஒரு தடவை, தனக்கு எப்படி நடக்கத் தோன்றுகிறதோ அப்படி ஒரு தடவை நடந்து காட்டினார்கள். குடியாத்தத்து நெசவுக்காரர் மகள் பூர்ணிமா, நர்சிங் படிக்கிறவள், தன் அம்மா சொல்லும் நடையை நடந்து காட்டியபோது சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது.

ஷூ யோசனை ஜாஸ்மினுடையது. ஆளுக்கு ஒரு ஷூ, ஜோடி கிடையாது. வெளியே இஷ்டப்படி அலங்காரம், உள்ளே குதிகால் பக்கத் துணியில் வீட்டில் சொல்ல முடியாத ஒரு விஷயம். பார்க்க வருகிறவர் கையில் எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். சொல்லி முடித்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் மற்ற எட்டுப் பேரும் உடனே பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியில் ஆறு வருடமாக யாரும் அவளிடம் யோசனை கேட்டதில்லை. இங்கே, தோலில் ஃபெவிகால் ஒட்டாது, ரப்பர் சொல்யூஷன்தான் போட வேண்டும் என்று அவள் சொன்னால் எட்டுத் தலை ஆடியது. கழிவுத் தோலை எடைக்கு வாங்கி வந்து, வெட்டவும் ஓரம் மடிக்கவும் கற்றுக்கொடுத்தாள். பூர்ணிமா அப்பாவின் தறியில் வந்த லுங்கித் துணியை உள்ளே வைத்தாள். பெயர் கூடாது, போட்டோ கூடாது, யாரும் தன் வரியைத் தானே எழுதக்கூடாது, கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒன்றரை மணி நேரம் பேசி முடிவு செய்தார்கள். கடைசித் தையலை ஒரே ஞாயிற்றில் அவள் ஒருத்தியே உட்கார்ந்து போட்டாள். அன்பரசன் மூட்டை கட்டி எடுத்துப் போனார். ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறை ஹாலில் சனிக்கிழமை கண்காட்சி திறந்தது. சனிக்கிழமை வேலை இருந்தது, ஞாயிறு ஹால் பூட்டியிருந்தது; அவள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவர்கள் நாக்குக்கு அடியில் யாரும் பார்க்கவில்லை. வெளியாள் பார்க்கவும் மாட்டார். ஆனால் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் கையில் ஷூவைக் கொடுத்தால், அவர் முதலில் செய்வது நாக்கைத் தூக்கி நம்பர் பார்ப்பதுதான்.

அன்று காலையில்தான் அவள் அண்ணன் தேவசகாயம் எரிச்சலோடு அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தான். அவன் அதே கம்பெனியில் பினிஷிங் சூப்பர்வைசர். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் பையர் ஆடிட் வருகிறது, எல்லாரையும் சமமாக நடத்த வேண்டும் என்று டிரெயினிங் காட்டியாக வேண்டும், அதனால் வேலூரில் ஏதோ கல்லூரியில் ஏதோ எக்ஸிபிஷனுக்கு சூப்பர்வைசர்கள் பத்துப் பேரை எச்.ஆர். அனுப்புகிறார்கள், ரெண்டு மணிக்கு வேன், புரொடக்‌ஷனை யார் பார்ப்பது என்றான். அப்போது அவள் பயப்படவில்லை. யார் எழுதியது என்று தெரியாமல் அண்ணன் தன் வரியைப் படிப்பான் என்று உள்ளுக்குள் ஒரு திருட்டுச் சந்தோஷம்கூட இருந்தது.

அவளுடைய வரி இது: "அவள் கல்யாணத்தன்று அவளுக்குத் தலைவாரிப் பூ வைத்தது நான். பிறகு ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை."

நம்பர் இல்லாவிட்டால் அது யாரோ ஒரு பெண். நம்பர் இருந்தால் அது தேவிகா, அது ஜாஸ்மின். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் மூன்று பேர்தான். அண்ணன் சொல்வதை அம்மா மரியம்மாள் மறுத்ததில்லை. வீட்டை விட்டுப் போ என்று அவன் சொன்னால், ஜாஸ்மினுக்குப் போக இடம் கிடையாது. ஒரே கம்பெனி என்பதால் வேலையும் நிலைக்காது.

செல்போன் லாக்கரில் இருந்தது. பன்னிரண்டரை மணி சாப்பாட்டு மணி அடித்ததும் எடுத்து அன்பரசனைக் கூப்பிட்டாள். ஐந்து தடவை அடித்து நின்றது. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. லைன் இன்சார்ஜ் அமிர்தவள்ளியிடம் போய் வயிற்று வலி, கேட் பாஸ் வேண்டும் என்றாள்.

"வவுத்து வலின்னா ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல படு. டார்கெட் இன்னா ஆவும்?"

சகீனா குறுக்கே புகுந்தாள். "காலைலேர்ந்து நாலு பீஸ் திருப்பி வெச்சிருக்கேன்க்கா. இவ உட்கார்ந்தா ரிட்டர்ன்தான் ஜாஸ்தி ஆவும். அனுப்புங்க."

பாஸ் கிடைத்தது. சகீனா கண்ணில் கேள்வி இருந்தது; ஜாஸ்மின் நிற்கவில்லை.

வேலூர் பஸ் ஒன்றேகாலுக்குத்தான் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். குடிக்கவில்லை. மாதனூர் தாண்டும்போது குழுவில் செய்தி போட்டாள்: எல்லா ஷூவிலும் என் டோக்கன் நம்பர் இருக்கலாம், எங்கள் கம்பெனி சூப்பர்வைசர்கள் மூன்று மணிக்கு வருகிறார்கள், என் அண்ணனும் வருகிறான். பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஒருவர், உன்னைப் பிடித்தால் எங்களையும் பிடிப்பார்களே, எப்படி இவ்வளவு அஜாக்கிரதை என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் மணிக்கட்டு முழங்கை வரை குத்தியது. அந்த ஆள் கேட்டதில் தப்பில்லை என்றும் பட்டது. அன்பரசன் கூப்பிட்டு, பேஷண்ட்டை மேஜையில் படுக்க வைத்துவிட்டுப் பேசுகிறேன் என்று அவசரமாகச் சொன்னார். உன் ஷூ உன்னுடையது, எடுத்துவிடு, அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். மற்றவற்றைத் தொட வேண்டுமென்றால் அவரவர் சொல்லட்டும் என்றார்.

ஹாலுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு ஐம்பது. பூர்ணிமா வாசல் மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஹாலின் நடுவே கொடிக்கயிற்றில் ஒன்பது ஷூக்கள். பின்னால் இன்னொரு கயிற்றில், ஆள் உயரச் சார்ட் தாள்களில், கோடு போட்ட ஒன்பது உடம்புகள்.

ஜாஸ்மின் முதல் ஷூவின் நாக்கைத் தூக்கினாள். 417. இரண்டாவதிலும் இருந்தது. ஒன்பதிலும், ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். தோலாக இருந்தால் போயிருக்கும், துணியில் ஊறிவிட்டது.

தன் ஷூவைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். மற்ற எட்டையும் என்ன செய்வது என்று குழுவில் கேட்டாள். இரண்டு பேர் எடுத்துவிடு என்றார்கள். இருக்கட்டும் என்று நான்கு பேர் எழுதினார்கள். திட்டி எழுதியவர் கொஞ்சம் பொறுத்து, "என்னுடையதை எடுக்காதே. அதைப் படிக்கத்தான் எழுதினேன்" என்று போட்டார்.

பூர்ணிமாவும் தலையை ஆட்டினாள். "என்னோடது இருக்கட்டும்க்கா. எங்கப்பா லுங்கியப் பார்த்தாலே குடியாத்தத்துல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிடும். நான் அதுக்குத் துணிஞ்சுதான் வெச்சேன்."

எடுக்கச் சொன்ன இரண்டு பேரின் ஷூக்களுக்கு ஜாஸ்மின் கையை நீட்டியபோது வெளியே வேன் வந்து நின்றது. வாசல் ஒன்றுதான். அவள் சார்ட் தாள்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பத்துப் பேர் நடக்கிற சத்தம் கேட்டது. கல்லூரி மேடம் ஒருவர் ஏதோ விளக்கினார். கட்டிங் சூப்பர்வைசர் கோதண்டராமனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"தேவா, இங்க பாரேன். உள்ள டோக்கன் நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. நாலு ஒண்ணு ஏழு. எல்லாத்துலயும் அதேதான். நம்ம பக்கத்து ஆளா?"

தாளுக்குப் பின்னால் ஜாஸ்மின் மூச்சை அடக்கிக்கொண்டாள். பினிஷிங்கிலிருந்து 417 போட்ட பீஸ் திரும்பும்போது அதைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்து, மத்தவங்களுக்கு முன்னாடி மானத்த வாங்காதே என்று சொல்கிறவன் அவன்தான்.

"ஆம்பூர்ல எல்லாக் கம்பெனிலயும்தான் நம்பர் போடறான். அதுல இன்னா இருக்கு" என்றான் தேவசகாயம்.

"தையல் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா ஜோடி இல்லியே. இதுங்களுக்கு எங்க ஜோடி அமையப்போவுது" என்றார் கோதண்டராமன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அண்ணன் குரலும் இருக்கிறதா என்று அவள் கூர்ந்து கேட்டாள். பிரித்தறிய முடியவில்லை.

பக்கத்து அறையில் டீயும் பேச்சும் என்று மேடம் கூப்பிட்டார். காலடிச் சத்தம் நகர்ந்தது. ஒருவர் மட்டும் நகரவில்லை. கயிறு லேசாக ஆடுவதைத் தாள்களின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அண்ணன் ஒவ்வொரு ஷூவாக எடுத்து, நாக்கைத் தூக்கி, பிறகு குதிகால் பக்கம் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான். எட்டையும் படித்தான். ஒன்றில் வெகுநேரம் நின்றான். அது வேறு யாரோ ஒருவரின் வரி.

"போர்டுல ஒம்பது ஷூன்னு எழுதியிருக்கு. எட்டுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கம்மா?" என்று பூர்ணிமாவைக் கேட்டான்.

பூர்ணிமா தடுமாறவில்லை. "அது அதுக்குச் சொந்தக்காரங்ககிட்ட இருக்கு சார்."

அவன் இப்போது போய்விட்டால் விஷயம் பாதியில் தொங்கும். 417 என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த எட்டு வரிகளில் ஏதோ ஒன்றைத் தங்கை எழுதியதாக நினைத்துக்கொள்வான். தன்னுடையதல்லாத ஒரு வரிக்காக வீட்டில் பதில் சொல்ல வேண்டி வரும். இதையெல்லாம் அவள் இவ்வளவு ஒழுங்காக யோசித்தாள் என்று சொல்ல முடியாது. நின்றுகொண்டே இருக்க முடியாமல் தாளை விலக்கி வெளியே வந்துவிட்டாள். பையிலிருந்து ஷூவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

தேவசகாயம் அவளைப் பார்த்ததும் முதலில் வாசலைத்தான் பார்த்தான், யாராவது வருகிறார்களா என்று. பிறகு வாங்கிப் படித்தான். படித்து முடித்தும் ஷூவை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான்.

"தேவிகாவா?"

"ஆமா."

"வீட்ல யாரும் கேக்கலன்னு எழுதியிருக்கே. நான் கேட்டேன் ஜாசு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனப்போ வண்டில வெச்சுக் கேட்டேன். நீ தலைவலின்னே."

அவளுக்கு அது ஞாபகம் வந்தது. அவன் சொன்னது உண்மைதான்.

பக்கத்து அறையிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். அவன் ஷூவை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். மாட்டு என்றோ எடுத்துப் போ என்றோ சொல்லவில்லை.

ஜாஸ்மின், எடுக்கச் சொன்ன இரண்டு பேரின் ஷூக்களைக் கழற்றிப் பூர்ணிமாவிடம் கொடுத்துவிட்டு, தன்னுடையதைப் பழைய இடத்தில் மாட்டினாள். வரியை மாற்ற வேண்டுமா என்று பூர்ணிமா கேட்டாள். யோசிக்க வேண்டும் என்றாள் ஜாஸ்மின். பூர்ணிமா அவளை உட்கார வைத்து ஒரு பாட்டில் தண்ணீரை முழுவதும் குடிக்க வைத்தாள்.

ஆம்பூரில் பஸ் இறங்கியபோது மணி ஆறு. மெயின் ரோட்டோரம் தேவசகாயம் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. ஏறச் சொல்வானா, துணிமணியை எடுத்துக்கொள்ளச் சொல்வானா என்று முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

இது எவ்வளவு நாளாக என்று கேட்டான். சொன்னாள். வேறு யாருக்குத் தெரியும் என்றான். அந்த எட்டுப் பேருக்கும் அன்பரசனுக்கும் என்றாள். அவர்கள் யார் யார் என்று கேட்டதற்கு, அதைச் சொல்ல மாட்டேன் என்றாள். குரல் கம்மியாக இருந்தாலும் அந்தப் பதில் உடைந்து வரவில்லை. லாரி ஒன்று கடந்து போனது.

"அந்தக் கோதண்டராமன் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்களே. நீயும் சிரிச்சியா?" என்று அவள் கேட்டாள்.

அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சிரிச்சேன். நான் மட்டும் சிரிக்காம நின்னா கேட்டிருப்பான்." பிறகு, "எனக்கு இது புரியல. புடிக்கவும் இல்ல. பொய் சொல்லிட்டு எத்தன நாளு இருப்பே? ஈஸ்டருக்குள்ள அம்மாகிட்டச் சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லிடுவேன்" என்றான்.

ஈஸ்டருக்கு ஐந்து வாரம் இருந்தது. அவன் குறித்த தேதிக்குத் தலையாட்டுவதுதான் இருபத்து நான்கு வருடப் பழக்கம். தலை ஆடத் தயாராகவும் இருந்தது.

"சொல்றது நான்தாண்ணா. என்னைக்குன்னும் நான்தான் சொல்லுவேன்" என்றாள். "நீ முந்திக்கிட்டுச் சொன்னா, அதுக்கு அப்புறம் அந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்."

போக இடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பைக்கை நேராக்கி, கிக்கரை இரண்டு தடவை மிதித்தான். வண்டி கிளம்பியது. ஆனால் அவன் கிளம்பவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, அவள் ஏறுவதற்காக நின்றான்.